நீலக் கோட்டுக்காரர்கள்

செஞ்சி கூட்டுரோட்டில் பேனர் கடை வைத்திருக்கும் பார்த்திபனுக்குச் செல்போனில் ஊர்வம்பு பேசுவதென்றாலே ஆகாது. அப்பேர்ப்பட்டவன் புதுசாக ஒரு ஆப்பில் போய்ச் சேர்ந்தான் என்றால், அதற்கு ஒரே காரணம் தம்பி இளவரசன்தான்.

மூன்று மாசத்துக்கு முன்னால் அண்ணன் கைநீட்டி அடித்துவிட்டான் என்று வீட்டை விட்டுப் போனவன், நம்பரையும் மாற்றிவிட்டான். அம்மா சின்னப்பொண்ணு சோற்றைப் பிசைந்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

"நீ அடிச்சதாலதான போனான்? நீயே போயி இட்டுக்கினு வாடா."

தினமும் இதே பாட்டுதான்.

அன்று மத்தியானம் ராஜகிரி மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கடையில் ஆளில்லை. பேரே கேள்விப்படாத ஒரு ஆப்பிலிருந்து அழைப்பு வந்தது: 'உங்க ஊர்க்காரங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க.'

தம்பியும் இருந்து தொலைத்தால்? சேர்ந்துவிட்டான்.

சும்மா சொல்லக்கூடாது, முதல் பார்வைக்கு அருமையாகத்தான் இருந்தது. விளம்பரம் இல்லை, கட்சிச் சண்டை இல்லை, அம்மா அப்பாவை இழுத்துத் திட்டுகிறவன் ஒருத்தன்கூட இல்லை. "வாப்பா பார்த்திபா", "வந்துட்டியா கண்ணு, சாப்டியா?" என்று வரிசையாக விசாரிப்பு. இந்தக் காலத்தில் இவ்வளவு மரியாதை தெரிந்த மனுசர்களா என்று அவனுக்கு மனசே குளிர்ந்துபோயிற்று.

யாரும் கல்யாண வீட்டுப் படமோ, ஓட்டல் சாப்பாட்டுப் படமோ போடவில்லை. முகங்கள் மட்டும்தான்.

எல்லாம் எங்கேயோ பார்த்த முகங்கள்.

விரலால் தள்ளிக்கொண்டே போனான். தொண்டூர்ப் பெரியவர் ஒருவர், நீலக் கோட்டு. டீக்கடை மாஸ்டர், நீலக் கோட்டு. சந்தையில் கீரை விற்ற காத்தாயிக்கு மட்டும் அரக்குப் பட்டுப்புடவை.

அது அவனுடைய கோட்டு. அவன் கம்ப்யூட்டரில் இருக்கிற கோட்டு.

கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வருகிறவர்கள் இறந்தவருடைய ஆதார் அட்டையைத்தான் நீட்டுவார்கள். பார்த்திபன் தலையை மட்டும் வெட்டியெடுத்து இந்தக் கோட்டின்மேல் உட்கார வைப்பான். ஆயுசெல்லாம் நல்ல சட்டைக்கு வழியில்லாத மனுசன், போகும்போதாவது கம்பீரமாகப் போகட்டுமே! வெட்டி ஒட்டின இடத்தில், காலரோரம் ஒரு வெள்ளைக் கீற்று நிற்கும். சோம்பேறித்தனத்தில் அதை அவன் சரிசெய்ததே இல்லை.

கோட்டுப் போட்ட ஒவ்வொரு கழுத்திலும் அந்தக் கீற்று இருந்தது.

அய்யோ, அத்தனை பேரும் செத்தவர்கள்!

வெளியே திருவண்ணாமலை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பட்டப்பகல்தான். கடைக்குள் மட்டும் ஊதுபத்தி வாசனை, வாடின சாமந்தி வாசனை.

போனை விட்டெறியத்தான் நினைத்தான். ஆனால் தம்பி? இவர்களுக்கு நடுவில் அவனும் இருந்துவிட்டால்?

தேடுகிற இடத்தில் பேரை அடித்தான். இளவரசன், அப்பா பேர் தனகோட்டி, செஞ்சி.

'அப்படி யாரும் இங்கே இல்லை.'

பார்த்திபன் அழுதேவிட்டான். உசுரோடதான் இருக்கான், என் தங்கம்!

கண்ணைத் துடைப்பதற்குள் ஒரு செய்தி வந்தது. ஆதிமூலம். போன மாசம்தான் அவருக்குப் பேனர் அடித்தான்.

"இளவரசனையா தேடுற? அவன் இன்னும் வரலப்பா."

அடுத்த செய்தியும் அவரிடமிருந்தே வந்தது.

"எங்களுக்கு நீ எவ்ளோ செஞ்சிருக்க. இதுகூட செய்ய மாட்டமா? நாங்களே போயி இட்டுக்கினு வரோம்."

'வேணாங்க, விட்டுடுங்க' என்று அடித்தான். கையெடுத்துக் கும்பிட்டு வாய்விட்டும் சொன்னான். முகங்களுக்குப் பக்கத்தில் எரிந்த பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ணா, நான் இளவரசன் பேசறேன்."

மூன்று மாசம் கழித்துக் கேட்கிற குரல்.

"எம்மேல கோவமா இருப்பன்னு நெனச்சேன். நீயே ஆள் அனுப்பிட்டியே!"

"யார்றா? யார் வந்தது?"

"நம்ம ஊர்க்காரங்கதான். நல்ல மனுசங்கணா. அம்மா சரியாவே சாப்புடறதில்லையாமே? வண்டியில ஏறிட்டேன்."

"டேய், இறங்குடா! இறங்கு!"

லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தான். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றாள் ஒருத்தி.

போன் ஒருமுறை அதிர்ந்தது. ஆதிமூலம்தான்.

"இளவரசன் வந்துட்டாம்ப்பா. அவனுக்கு ஒரு படம்தான் இல்ல. நீயே போட்டுக் குடு."