நாலும் மேலே

இடது பின்சக்கரத்தைக் கையால் சுழற்றியபோது அது அரைச்சுற்று வந்து நின்றது. நின்றதில் ஒன்றும் அதிசயமில்லை. பழைய வண்டி, பிரேக் பிடித்திருக்கலாம், பேரிங் துருப்பிடித்திருக்கலாம். ஆனால் பிரேக் என்றால் கரகரவென்று தேய்ந்து நிற்கும், துரு என்றால் முரண்டு பிடித்து நிற்கும். இது மெத்தென்று நின்றது. எதிர்ப்பக்கச் சக்கரத்தின் மேல் யாரோ உள்ளங்கையை வைத்து, போதும் என்று நிறுத்தியதுபோல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பிடி விட்டுப்போய், சக்கரம் அவன் கையில் மறுபடி லேசாயிற்று.

எழுந்து வண்டியைச் சுற்றிப்போய்ப் பார்த்தான். வலது பின்சக்கரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஷெட்டில் வேறு யாரும் இல்லை. பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமை மழை, இப்போதைக்கு விடமாட்டேன் என்று பெய்துகொண்டிருந்தது. ஈர சிமெண்டு, பழைய ஆயில், புது ரப்பர் எல்லாம் கலந்த வாடை. மணி மூன்றுதான் ஆகியிருந்தாலும் இருட்டாக இருந்ததால் டியூப்லைட்டைப் போட்டிருந்தான். அது ஒரே சுருதியில் ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி அது. நாலையும் தூக்கி வைத்து ஒன்றைச் சுழற்றினால் இன்னொன்று எங்காவது சுழன்றாக வேண்டும். அதனால்தான் அதைச் சோதிக்க இரண்டு பேர் தேவை. ஒருவன் இங்கே சுழற்ற வேண்டும், மற்றவன் அங்கே தொட்டுப் பார்க்க வேண்டும். பதினெட்டு வருஷமாக அந்த மற்றவன், அண்ணன். அண்ணன் போய் எட்டு மாதம் ஆகிறது. இன்றுகூட அவன் பழக்கத்தில் தரையில் இரண்டு அட்டைகளை விரித்துவிட்டு, பிறகு ஒன்றைச் சுருட்டிச் சுவரோரம் வைத்தான்.

வண்டி அண்ணி வீட்டு வண்டி. இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். நாளைக் காலையில் பிள்ளைகள் இரண்டையும் ஏற்றிக்கொண்டு தன் அம்மா ஊருக்கே போய்விடப் போகிறாள். திரும்பி வருகிற உத்தேசம் இல்லை. மெதுவாக வளைக்கும்போது பின்னால் யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருக்கிறது என்று போன வாரம் சொன்னாள். அவனுக்குக் காரணம் உடனே தெரிந்தது. யாரோ ஒரு டயரை மட்டும் புதிதாக மாற்றியிருந்தார்கள். இந்த மாதிரி வண்டியில் மூன்று தேய்ந்த டயரோடு ஒரு புது டயரைப் போட்டால் சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். நாலையும் ஒரே அளவில் மாற்றிவிட்டான். அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும்.

தீரவில்லை. பின்பக்கப் பிரேக்குகளைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். ஹேண்ட்பிரேக் கேபிளையும் விடுவித்தான். இனி அந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த உலகத்தில் எதுவும் இல்லை. சுழற்றினான். அரைச்சுற்று. மெத்தென்று நின்றது. பிறகு பிடி விட்டது.

அது அண்ணன் பிடிக்கிற விதம். அண்ணன் சக்கரத்தை வெடுக்கென்று பிடிக்கமாட்டான்.

அண்ணன் எதிலும் நிதானம். வண்டிக்கு அடியில் போவதற்கு இரண்டு விதிகள் வைத்திருந்தான். நாலும் மேலே ஏறாமல் கீழே படுக்கக் கூடாது. கீழே இருக்கிறவன் ஸ்பேனரால் ரிம்மில் ஒரு தட்டு தட்டாமல் மேலே இருக்கிறவன் வண்டியை எடுக்கக் கூடாது. எஞ்சின் சத்தத்தில் குரல் கேட்காது, தட்டுக் கேட்கும் என்பான்.

எட்டு மாதத்துக்கு முந்தைய அந்த மத்தியானம் அண்ணன் முதல் விதியில் கொஞ்சம் அசந்தான். எஞ்சினை அணைத்துவிட்டு ஒரே ஒரு நட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று, இதே வண்டியின் முன்பக்கத்தை மட்டும் இரும்பு ஸ்டாண்டில் ஏற்றிக் கீழே போனான். தம்பி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். பசி. அண்ணன் வழக்கம்போல் ஆமை வேகம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். முன்சக்கரத்தைச் சுழலவிட்டால் அண்ணன் தேடுகிற சத்தம் எங்கே என்று சட்டென்று தெரிந்துவிடும், சாப்பிடப் போகலாம் என்று நினைத்தான். வார நாட்களில் ஆபீசுக்காக அவன் ஓட்டுகிற வண்டியில் முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். முன்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது எங்கும் போகாது. இந்த வண்டிக்குப் பின்சக்கரமும் இழுக்கும் என்பது, பதினெட்டு வருஷம் இதன் அடியிலேயே கிடந்தவனுக்கு, அந்த ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று. சாவியைத் திருப்பிக் கியரைப் போட்டான். தரையில் இருந்த பின்சக்கரங்கள் வண்டியை ஸ்டாண்டிலிருந்து முன்னே தள்ளி, அண்ணன் மேல் இறக்கிவிட்டன.

அண்ணன் தட்டவே இல்லை.

வந்தவர்களிடம் எல்லாம், அண்ணன் தட்டினான் என்றே தம்பி சொன்னான். தட்டியது கேட்டுத்தான் எடுத்தேன் என்று வாய் கூசாமல் சொன்னான். இவ்வளவு விவரமான ஆள் இப்படித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டானே என்று ஊரே அண்ணனைச் சொல்லிற்று. அண்ணன் மகன்கூட ஒருநாள், ஏன் சித்தப்பா, அப்பா தட்டினாங்க என்று கேட்டான். அவன் பையனின் தலையைத் தடவிக்கொடுத்தான். அந்தக் கையை நினைத்தால் அவனுக்கே இப்போதும் அருவருப்பாக இருக்கும்.

நினைப்பை உதறிவிட்டு வேலையைப் பார்த்தான். முன்னிருந்து பின்னுக்குப் போகும் நீளமான ஷாஃப்டைக் கழற்றி இறக்கினான். இனி முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பேட்டரி வயரையும் பிடுங்கினான். சாவியைச் சட்டைப்பையில் போட்டான். முன்னால் போய் உட்கார்ந்து இடது முன்சக்கரத்தை மெல்லச் சுழற்றினான்.

பின்னால் சக்கரம் ஒன்று சுழலும் சத்தம் கேட்டது.

அவன் கையை நிறுத்தினான். அதுவும் நின்றது.

போன் அடித்ததில் தூக்கிவாரிப் போட்டது. அண்ணி. வண்டி ஆறு மணிக்குத் தயாராகிவிடுமா என்று கேட்டாள். ஆகிவிடும் என்றான். சாமான்கள் கட்டியாயிற்று, வீடு காலியாக எதிரொலிக்கிறது, பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்றெல்லாம் சொன்னாள். மழைச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது.

"தம்பி, போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளுங்க அண்ணி."

"அவரு நெஜமாவே தட்டினாரா? ராத்திரி படுத்தா இதேதான் ஓடுது. அவரு அப்படிச் செய்யற ஆளே இல்லையே. எதுவா இருந்தாலும் சொல்லுங்க, நான் உங்களை ஒண்ணும் சொல்லமாட்டேன். தெரிஞ்சுட்டா போதும்."

இதைவிடச் சுலபமாக யாரும் கேட்கமாட்டார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. நாளை அவள் போய்விடுவாள், அதன்பின் இந்த உலகத்தில் அவனிடம் பேச ஒருவரும் இல்லை என்ற பயம் அந்த வார்த்தையைப் பிடித்து விழுங்கிவிட்டது.

"தட்டினாரு அண்ணி. ஒரு தடவை. எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

"சரி தம்பி," என்றாள். வைத்துவிட்டாள்.

ஐந்தே கால். பிரேக்குகளை மாட்டினான். திரும்பத் திரும்பப் பின்னால் பார்த்துக்கொண்டே மாட்டினான். இனி ஷாஃப்டும் பேட்டரி வயரும்தான் பாக்கி. ஷாஃப்டை மாட்ட வண்டிக்கு அடியில் போயாக வேண்டும். நான்கு ஸ்டாண்டுகளையும் உதைத்துப் பார்த்தான், அசையவில்லை. நாலும் மேலே. அட்டையில் மல்லாந்து படுத்து, காலால் உந்தி உள்ளே போனான்.

ஷாஃப்டை நெஞ்சில் தாங்கித் துளைகளைப் பொருத்தினான். ஒரு நட்டு. இரண்டு. கிரீஸ் வாடை மூக்கில் ஏறியது. மூன்று. நான்காவதை இறுக்கியபோது நீளமாக மூச்சு விட்டான். முன்னும் பின்னும் மறுபடி ஒன்றாயின.

அப்போது கதவு திறந்தது.

ஷெட்டின் கதவு இல்லை, வண்டியின் கதவு. டிரைவர் பக்கம். சீட்டின் ஸ்பிரிங் முனகியது. அவன் முகத்துக்கு மேலே வண்டியின் அடித்தகரம் ஒரு நூல் அளவு தாழ்ந்தது. கதவு சத்தமில்லாமல், நிதானமாகச் சாத்திக்கொண்டது.

சட்டைப்பையைத் தொட்டான். சாவி இருந்தது.

"யாரு?" என்றான். பக்கவாட்டில் நகரப் பார்த்தான். கால் உந்தியது, உடம்பு வரவில்லை. அட்டை தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முதுகுக்குக் கீழே அது ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

மேலே எந்த அசைவும் இல்லை. உட்கார்ந்திருப்பது காத்திருந்தது. எதற்கு என்று அவனுக்குத் தெரியும். தட்டாமல் எடுக்கக் கூடாது. ஸ்பேனர் எதிலும் பட்டுவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டான். இன்னும் அழுத்தினான்.

"அண்ணா. நீ தட்டல. நான்தான் பொறுக்காம எடுத்தேன். அண்ணிகிட்ட சொல்லிடறேன். இப்பவே சொல்லிடறேன்."

மழை.

தலையை மட்டும் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். இரண்டு பின்சக்கரங்களும் தரையில் இருந்தன. அவற்றை ஏந்தியிருந்த ஸ்டாண்டுகள் சுவரோரம், சுருட்டி வைத்த அட்டைக்குப் பக்கத்தில், ஒன்றை ஒன்று ஒட்டி ஒழுங்காக நின்றன. அண்ணன் எப்போதும் அப்படித்தான் வைப்பான்.

ஸ்பேனர் அவன் நெஞ்சில். இரண்டு கையிலும்.

காதுக்குப் பக்கத்தில், முன்சக்கரத்தின் ரிம்மில், டக்.

ஒரு தடவை. நன்றாகக் கேட்டது.

மேலே கியர் விழுந்தது.