பானெட்டில் வழிந்த பால்

கனிஷாய் கதவைத் தட்டவில்லை; உதைத்தாள்.

திறந்த உசோன் இரண்டடி பின்வாங்கினான். பிஷ்கெக் நகரத்தின் ஜனவரிக் குளிரில் கையுறை இல்லாமல் யாரும் வெளியே வருவதில்லை. இவள் வந்திருந்தாள். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கறுப்பு எண்ணெய்.

"ரக்கியா அக்கா இருக்காங்களா? இல்லேன்னா சொல்லிடுங்க. நான் நேரா தோரோன்பெக் வீட்டுக்குப் போறேன். அப்புறம் போலீஸ் என்னைத் தேடித்தான் வரும்."

"உள்ள வா. முதல்ல டீ. கொலையெல்லாம் அப்புறம்" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

ரக்கியா போலீஸ் குற்றப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். உசோன் அவருடைய கணவரின் தம்பி. டயர் கடை வைத்திருக்கிறான். அண்ணியின் வழக்குகளுக்காகப் பாதி நாள் அந்தக் கடைக்குப் பூட்டுதான்.

கனிஷாய் டீயைத் தொடவில்லை. கொட்டினாள், கதையை.

மலைகளுக்கு அப்பால் இருக்கும் நாரின் ஊருக்கு டாக்ஸி ஓட்டப் போகிறேன் என்று அவள் சொன்ன நாளே ஸ்டாண்டில் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் தோரோன்பெக்கிடம் ஒரு பழைய காரை வாங்கினாள். பிஷ்கெக்கிலிருந்து நாரின் வரை அருமையாக ஓடியது. ராத்திரி அங்கே தங்கினாள். காலையில் சாவியைத் திருகினால் இன்ஜின் அசையவே இல்லை. கயிறு கட்டி இன்னொரு வண்டியால் இழுத்துக் கிளப்பினார்கள். திரும்பும் வழியில் தோலோன் கணவாய் ஏறும்போது உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பது போல ஒரு சத்தம். அவ்வளவுதான், வண்டி நின்றுவிட்டது.

"பேரிங் போச்சாம். தோரோன்பெக் ஸ்டாண்டு பூரா சொல்லிட்டுத் திரியறான். 'நல்ல இன்ஜினைக் குடுத்தேன், பொம்பளை ரெண்டே நாள்ல கொன்னுட்டா'ன்னு. டாக்ஸி வரிசைத் தலைவர் மெடெர் இன்னைக்கு மத்தியானம் முடிவு சொல்லப் போறார். வரிசையில என் இடத்தை எடுத்துட்டா அந்த ரூட்ல எனக்கு இனி ஜென்மத்துக்கும் சவாரி இல்ல."

"நாரின்ல யாராவது எண்ணெயை உருவியிருப்பாங்க அண்ணி! போட்டிக்காரன் எவனாவது!" உசோன் எழுந்தே நின்றுவிட்டான்.

"உட்காரு. கார் வாங்கின காலையைச் சொல்லும்மா. அவன் என்ன சொன்னான்?"

"ராத்திரி பூரா வாசல்லயே நின்ன வண்டி, கல்லு மாதிரி குளிர்ந்து கிடக்கு, ஆனாலும் ஒரே சாவியில பிடிக்கும்னான். பிடிச்சுது. குளிர்காலம் முழுக்க இதேதான்னான். எண்ணெய்கூட என் கையாலயே புதுசா மாத்தியிருக்கேன்னு பெருமை வேற."

"பானெட்டைத் தொட்டுப் பார்த்தியா?"

"தொட்டேனே. கையுறையோட."

ரக்கியா கையிலிருந்த சூரியகாந்தி விதையை உடைத்தார்.

"வேற?"

"வேற என்ன... அவங்கம்மா சைரா வண்டிக்குப் பால் தெளிச்சாங்க, போற வழி வெள்ளையா, நல்லபடியா இருக்கட்டும்னு. ஜன்னல் வெளிப்பக்கம் வெச்சிருந்த கிண்ணம். மேல கட்டியிருந்த பனியை விரலால உடைச்சுட்டு பானெட்ல ஊத்தினாங்க. அந்த வீட்டுப் பூனை ஒண்ணு, நம்பர் பிளேட்ல வழிஞ்ச பாலை நக்கிட்டு நகரவே மாட்டேங்குது. அதை விரட்டின அப்புறம்தான் நான் சாவியே போட்டேன்."

விதை உடைபடும் சத்தம் நின்றது.

"கார் இப்ப எங்க?"

கனிஷாய் முதல்முறையாகச் சிரித்தாள். "கட்டி இழுத்துட்டு வந்து அவன் கேட்டுக்குக் குறுக்கே போட்டிருக்கேன். அவன் வெளிய வரணும்னா என் காரை ஏறிக் குதிச்சுத்தான் வரணும்."

"நல்லது. உசோன், மெடெருக்கு போன் போடு. முடிவை ஸ்டாண்டுல சொல்ல வேண்டாம், தோரோன்பெக் வீட்டு வாசல்ல சொல்லட்டும்."

மத்தியானம் அங்கே பத்துப் பன்னிரண்டு டிரைவர்கள் குல்லாயைக் காதுவரை இழுத்துக்கொண்டு நின்றார்கள். மெடெர் தாடியில் பனி. தோரோன்பெக் கேட்டுக்கு உள்ளே, கார் கேட்டுக்கு வெளியே. அவன் பக்கத்தில் சைரா அம்மாள், காலடியில் பூனை.

"குளிர்ல ராத்திரி விட்ட வண்டியைக் கயித்தைக் கட்டி இழுத்தா? குதிரையே செத்துடும், இன்ஜின் சாகாதா?" என்று தோரோன்பெக் கேட்டான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"நியாயமான கேள்வி" என்றார் ரக்கியா. "உசோன், அந்த எண்ணெய் அளவு பார்க்கற குச்சியை உருவு."

உசோன் உருவினான். எண்ணெய் சொட்டவில்லை. குளிரில் இறுகிய தேன் போலக் குச்சியில் அப்பிக்கொண்டு நின்றது.

"அளவு சரியா இருக்கு அண்ணி! யாரும் உருவலை!" அவன் குரலில் லேசான ஏமாற்றம். "ஆனா இது... இது கோடைக்கால லாரிக்கு ஊத்தற எண்ணெய்!"

"கெட்டி எண்ணெய். இதை எதுக்கு ஊத்துவாங்க மெடெர்?"

மெடெர் தாடியைத் தடவினார். "தேஞ்சுபோன இன்ஜின் தட்டுற சத்தத்தை அமுக்கறதுக்கு. கோடையில நம்ம பசங்களே சில பேர் செய்வானுங்க. குளிர்ல செஞ்சா காலையில சுத்தவே சுத்தாது."

"சுத்தலை. நாரின்ல அதான் நடந்தது. கயிறு கட்டினது இவ தப்பு இல்ல, வேற வழி இல்ல. சரி, எனக்கு ஒரு சந்தேகம். அதே எண்ணெய், அதே குளிர். இங்க மட்டும் ஒரே சாவியில எப்படிப் பிடிச்சுது?"

யாரும் சிரிக்கவில்லை.

"என் வண்டி அப்படி!" என்றான் தோரோன்பெக்.

"சைரா அம்மா, அன்னைக்கு மாதிரியே கொஞ்சம் பால் தெளிக்கறீங்களா?"

"ரெண்டாவது தடவையா? எதுக்குத் தாயி?"

"இந்தப் பொண்ணுக்கு வழி இன்னும் வெளுக்கலையே."

சைரா அம்மாள் ஜன்னல் வெளிப்பக்கத்திலிருந்து கிண்ணத்தை எடுத்தார், பனி ஆடையை விரலால் உடைத்தார், கேட்டின் கம்பிகளுக்கு இடையே கையை நீட்டிப் பானெட்டில் ஊற்றினார். பால் இரண்டு விரல் நீளம் நகர்ந்தது. தயங்கியது. அப்படியே வெள்ளைத் தகடாக இறுகி நின்றுவிட்டது. பூனை ஓடி வந்து நம்பர் பிளேட்டை முகர்ந்தது. அங்கே எதுவும் இல்லை. எல்லோரையும் ஒருமுறை முறைத்துவிட்டுப் போய்விட்டது.

"அன்னைக்கு வழிஞ்சுதே?" சைரா அம்மாள் தனக்குத்தானே சொன்னார். "நம்பர் பிளேட் வரைக்கும் ஓடிச்சே. இந்தப் பூனைக் கழுதை நக்கிக்கிட்டு..."

"அம்மா, நீ உள்ள போ!"

"அப்ப இவ சாவி போட்டுட்டாளா அம்மா?" ரக்கியாவின் குரல் உயரவே இல்லை.

"சாவி போட்ட வண்டிக்கு யாரு தாயி பால் ஊத்துவா? முதல்ல பால், அப்புறம்தான் சாவி."

"அன்னைக்கும் இதே குளிர், கிண்ணத்துல இதே பனி. ஆனா பால் ஓடிச்சு. கல்லு மாதிரி குளிர்ந்து கிடந்த வண்டியில ஓடாது. இவ வர்றதுக்கு முன்னாடியே தோரோன்பெக் இன்ஜினைச் சூடு பண்ணி, கொஞ்ச நேரம் ஓட்டி, அணைச்சு வெச்சுட்டான். சத்தத்தை மறைக்கக் கெட்டி எண்ணெய். கெட்டி எண்ணெயை மறைக்கச் சூடு. ஒரு பொய்யைத் தாங்க இன்னொண்ணு. எல்லாத்தையும் யோசிச்சவன், தன் அம்மா பால் கிண்ணத்தோட வருவாங்கன்னு மட்டும் யோசிக்கலை. வந்தப்புறம் வேண்டாம்னு சொல்ல முடியுமா? பால் தெளிக்காத வண்டியை இந்த ஊர்ல யார் வாங்குவா?"

சைரா அம்மாள் மகனைப் பார்த்தார். கிண்ணத்தில் மிச்சமிருந்த பாலை அவன் காலடியில் கொட்டிவிட்டு, உள்ளே போனார்.

தோரோன்பெக் கம்பிக் கேட்டுக்குள்ளிருந்து கனிஷாயிடம் குனிந்தான். "பணத்தை வாங்கிக்க தங்கச்சி. இதோட விட்டுடு."

"பணம் வரட்டும், அது என்னோடதுதான். முதல்ல வாயைத் திற. என்னைக் கொலைகாரின்னு எத்தனை சத்தமா சொன்னியோ, அத்தனை சத்தமா சொல்லு. இங்கயும், நாளைக்கு ஸ்டாண்டுலயும். இல்லேன்னா இந்தக் கார் உன் கேட்டை விட்டு நகராது. வசந்தம் வரைக்கும் ஏறிக் குதி."

அவன் மெடெரைப் பார்த்தான். மெடெர் வானத்தைப் பார்த்தார்.

"இன்ஜின்... முன்னாடியே போனதுதான்."

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கலை!" என்றாள் கனிஷாய்.

"முன்னாடியே போனதுதான்! இவ மேல தப்பு இல்ல!"

"இடம் உன்னோடதே" என்றார் மெடெர். "இனிமே வண்டி வாங்கப் போறவன் எவனா இருந்தாலும் இவளையும் கூட்டிட்டுப் போங்கடா."

அடுத்த வாரம், விடியும் நேரத்தில், நகரத்தின் மறுகோடியில் ஒரு வீட்டு வாசலில் கனிஷாய் நின்றாள். உசோன் பின்னால் பற்கள் தந்தியடிக்க நின்றுகொண்டிருந்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த வீட்டுக்காரன் கடுகடுத்தான்.

"வர்ற நேரத்தைச் சொல்லிட்டு வரக் கூடாதாம்மா?"

"சொல்லிட்டு வந்தா வண்டி சூடா இருக்கும்."

கையுறையைக் கழற்றினாள். வெறும் உள்ளங்கையைப் பானெட்டில் வைத்து அழுத்தினாள். குளிர் எலும்பு வரை கடித்தது. எடுக்கவில்லை.

"இப்ப சாவியைப் போடு."

இன்ஜின் முனகியது. அடங்கியது. மறுபடி முனகியது. மூன்றாவது முறை இருமி, உதறி, வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு எழுந்து நின்றது. வீட்டுக்காரன் சங்கடத்தோடு பார்த்தான். "காலையில கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பழசு பாருங்க..."

கனிஷாய் காதைச் சாய்த்து நெடுநேரம் கேட்டாள். உள்ளே சுத்தியல் எதுவும் இல்லை.

"முரண்டு பிடிக்கட்டும். பொய் சொல்லலை" என்றாள். "எடுத்துக்கறேன்."