நீலச் சுவரில் இரண்டு குழாய்கள்

உட்காரச் சொல்லியும் ஜான்சி உட்காரவில்லை.

"கடலூர் ரிசார்ட்டுல நீச்சல் குளத்தைச் சுத்தம் பண்ண எறங்குன கொளஞ்சி அண்ணன் கரண்ட் அடிச்சி செத்துட்டாருங்க. ஒயரிங் பண்ணது எங்க வீட்டுக்காரர் சேரன்னு போலீஸ் புடிச்சி வச்சிருக்கு. அவுரு லைசென்ஸ் எடுத்தவரு மேடம்."

சிதம்பரத்துத் துப்பறிவாளர் சந்திரலேகா எழுந்தார். உதவியாளன் அன்பரசு அதற்குள் கார் சாவியை எடுத்திருந்தான்.

ரிசார்ட்டில் இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். குளத்தையொட்டிய நீலச் சுவரில் இரண்டு ஒயர் குழாய்கள் ஓடின. ஒன்றில் இணைப்புகள் பசையிட்டு இறுகியிருந்தன. மற்றதில் வெறும் டேப் சுற்றியிருந்தது; அது தண்ணீருக்குள் இருந்த ஒரு லைட்டுக்குப் போனது.

"ரெண்டும் சேரன் போட்டதுதான். மெயின் போர்டுலேர்ந்துதான் வருது," என்றார் மேனேஜர் ஸ்ரீதர்.

அன்பரசு கிளாம்புகளைக் கழற்றினான். முதல் குழாயின் பின்னால் பழைய வெள்ளைச் சுவர். இரண்டாவதன் பின்னால் நீலப் பெயிண்ட்.

"பெயிண்ட் எப்ப அடிச்சீங்க?" என்று ஸ்ரீதரிடம் கேட்டார் சந்திரலேகா.

"போன மாசம்."

"அவுரு பொங்கலுக்கே வேலைய முடிச்சிட்டாரு!" என்றாள் ஜான்சி.

சந்திரலேகா அன்பரசுவின் காதில் ஏதோ சொன்னார். அவன் பம்ப் ஷெட்டுக்குப் போய்வந்து தலையசைத்தான். பிறகு சந்திரலேகா இன்ஸ்பெக்டரிடம் மெயினை நிறுத்தச் சொன்னார்.

"ஸ்ரீதர், தண்ணிக்குள்ள இருக்கற அந்த லைட்டைத் தொட்டுக் காட்டுங்க."

"வேணாம் மேடம்." அவர் ஓரடி பின்வாங்கினார்.

"மெயின்தான் நின்னுடுச்சே. சரி, நானே தொடறேன்." சந்திரலேகா குனிந்தார். விரல்கள் தண்ணீரை நெருங்கின.

"ஐயோ, கை வைக்காதீங்க! பம்ப் ஷெட் லைன் தனி, அது ஓடுது!" என்று கத்தினார் ஸ்ரீதர்.

சந்திரலேகா நிதானமாகக் கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

"அதை அன்பரசு அப்பவே பிடுங்கிட்டான். பெயிண்ட் அடிச்ச பிறகு வந்த குழாய் சேரனோடது இல்ல. அதுல கரண்ட் எங்கேர்ந்து வருதுன்னு போட்டவருக்குத்தான் தெரியும்."

ஸ்ரீதர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கல்யாண பார்ட்டிக்குத் தண்ணிக்குள்ள லைட் கேட்டாங்க. எர்த் இல்லாம, கரண்ட் கசிஞ்சா தானா நிக்கற ட்ரிப் சுவிட்ச் இல்லாம போடவே மாட்டேன்னு சேரன் போயிட்டாரு. நானே மாட்டிட்டேன்..."

இன்ஸ்பெக்டர், சேரனை விடுவிக்க ஸ்டேஷனுக்கு போன் போட்டார். ஜான்சி அதைக் கவனிக்கவில்லை. ஸ்ரீதரின் முன்னால் போய் நின்றாள்.

"இப்ப கத்துனீங்களே சார். கொளஞ்சி அண்ணன் எறங்குறப்ப ஏன் கத்தல?"