தேத்தண்ணிக்கு முன்னம்

மருத்துவமனையைப் பார்வையிடக் கொழும்பிலிருந்து வந்த பெரியவர் மண்டபத்தில் பேசிக்கொண்டிருந்தபோது இரும்பில் நகம் கீறும் சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம்தான். கீறியது, நின்றது, மறுபடி கீறியது. பெண்கள் வாட்டுத் தாதியான மரியமலர் சிஸ்டர் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். வெள்ளையடித்த கற்சுவர், அதில் இரும்பென்று எதுவுமில்லை. கதிரைகளில் இருந்த ஒருவரும் தலையைத் திருப்பவில்லை.

அப்படிச் சத்தம் எழுப்பக்கூடிய கதவு ஒன்று இருந்தது. ஆனால் அது பெண்கள் வாட்டுக்குப் பின்னால், முற்றத்தைத் தாண்டி, குன்றின் அடியில் இருந்தது. வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போனபின் அவர்களுடைய கட்டடங்களை அரசாங்கம் மனநோய் மருத்துவமனையாக்கியிருந்தது. குன்றைக் குடைந்து அவர்கள் கட்டிய வெடிமருந்துக் கிடங்கை மட்டும் யாரும் எதற்கும் பாவிப்பதில்லை. அன்று காலை மரியமலர்தான் அதைத் திறந்து ஸல்ஹா என்ற நோயாளியை உள்ளே விட்டுப் பூட்டியிருந்தாள்.

"அந்தக் கிண்ணியாப் பிள்ளையை இண்டைக்கு வாட்டில வச்சிருக்க ஏலாது, சிஸ்டர்," என்று பெரிய டொக்டர் சிவகுருநாதன் சொல்லியிருந்தார். "வாறவையின்ர காலைப் பிடிச்சு வீட்டை கூட்டிப் போகச் சொல்லி அழும். கையையும் காட்டும்."

கையில் என்ன இருக்கிறதென்று இருவருக்கும் தெரியும். கட்டிலோடு சேர்த்துக் கட்டிய கயிற்றின் புண். கட்டச் சொன்னவர் அவர். கட்டியவள் அவள்.

"எங்க சேர் வைக்கிறது?"

"சத்தம் வெளியில வராத இடமாப் பாருங்கோ."

கிடங்கு என்று அவர் சொல்லவில்லை. அந்த இடம் அவளுடைய மனதில்தான் வந்தது. சாவிக்கொத்திலிருந்து அதன் திறப்பை எடுத்தபோது பணிப்பெண் கனகம்மா வழியில் நின்றாள். "அதுக்குள்ள காத்து இல்லை, சிஸ்டர்," என்றாள். கொஞ்ச நேரம்தானே என்று சொல்லிவிட்டு மரியமலர் நடந்தாள். ஸல்ஹா முரண்டு பிடிக்கவில்லை. பிள்ளை பெற்ற பிறகு மனம் குழம்பிக் கிண்ணியா ஊரிலிருந்து வந்தவள். யாரைக் கண்டாலும் ஒடுங்குகிறவள், மரியமலரின் கையை மட்டும் குழந்தையைப் போலப் பிடித்துக்கொள்வாள். அன்றும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு வந்தாள். கிடங்கின் வாசலில் மட்டும் கேட்டாள்.

"எப்ப வருவீங்க மிஸி?"

"தேத்தண்ணிக்கு முன்னம் வாறன்."

இப்போது தேத்தண்ணிக் கோப்பைகள் மேசைக்கு வந்துவிட்டன. சத்தம் சுவருக்குள்ளிருந்து வேகமாகக் கீறியது. மரியமலர் கதிரையிலிருந்து பாதி எழும்பினாள். அந்த நேரம் பார்த்துப் பெரியவர் அவளுடைய பெயரைச் சொன்னார். இவ்வளவு அமைதியான பெண்கள் வாட்டைத் தான் வேறெங்கும் காணவில்லை என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். முகம் சூடேற, புன்னகையோடு அவள் திரும்ப உட்கார்ந்தாள்.

சத்தம் நின்றது. அதன்பிறகு அவள் ஸல்ஹாவை மறந்துபோனாள். படம் பிடிக்கும்போது முன்வரிசையில் நிறுத்தினார்கள். பெரிய டொக்டரின் வீட்டில் சாப்பாட்டுக்கும் அழைத்தார்கள். மீன் குழம்பின் பக்குவத்தைப் பற்றிக்கூடக் கதைத்துச் சிரித்தாள். மார்கழி மழை பிடித்துக்கொண்டதால் விருந்தாளிகள் புறப்படப் பிந்தியது. கார் போனபின், "நல்ல பெயர் வாங்கித் தந்திட்டீங்கள்," என்று பெரிய டொக்டர் சொன்னபோது அவள் நெற்றியைத் துடைக்கக் கையை உயர்த்தினாள். உள்ளங்கையில் கிடங்குக் கதவின் துரு மணத்தது.

மழைக்குள் ஓடினாள். மூன்று மணி வெளிச்சம் கருக்கலைப் போல மங்கியிருந்தது. கீழே துறைமுகத் தண்ணீர் ஈயமாகக் கிடந்தது. ஓட்டுக் கூரைகளிலிருந்து மழை இறங்கும் இரைச்சல், நனைந்த வேப்பிலையின் வாசம், சேற்றில் தன் சப்பாத்து இழுபடும் ஒலி, இவற்றுக்கு அடியில் கீறல் சத்தம் கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓடினாள். கேட்கவேண்டும். கேட்டால் போதும்.

கேட்கவில்லை.

திறப்பு பூட்டுக்குள் போக மறுத்தது. பிறகு போனது. கதவைத் தள்ளினாள்.

ஸல்ஹா வாசலுக்கு நேரே நிமிர்ந்து நின்றாள். வெளிச்சம் பட்டும் கண் கூசவில்லை.

"வந்திட்டீங்களா மிஸி."

மரியமலருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உள்ளே எட்டிப்பார்க்கவில்லை, கதவைச் சாத்தவுமில்லை. அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். கை சில்லிட்டிருந்தது. பாதி வழியில்தான் கண்டாள், தன் சேலை உடம்போடு ஒட்டியிருந்தது, ஸல்ஹாவின் சட்டையில் ஒரு துளி ஈரமில்லை.

வாட்டுக்குள் நுழைந்ததும் பேச்சு அடங்கியது. பக்கத்துக் கட்டில்காரி எழும்பி மறுகோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக விரிப்பைத் தலைவரை இழுத்தார்கள்.

மரியமலர் ஸல்ஹாவைக் கட்டிலில் கிடத்தினாள். மருந்து போட வேண்டும் என்று மணிக்கட்டைத் திருப்பினாள்.

புண் இல்லை.

தழும்புகூட இல்லை. வழவழப்பான தோல். மற்றக் கையையும் பார்த்தாள். அதுவும் அப்படியே.

"நோவு இல்ல மிஸி," என்றாள் ஸல்ஹா.

"என்னை மன்னிச்சிரு பிள்ளை."

"நீங்க என்ன செய்வீங்க. பெரிய டொக்டர் சொன்னாங்க, நீங்க செஞ்சீங்க."

அவர் சொல்லவில்லை, நான்தான் அந்த இடத்தை நினைத்தேன் என்று சொல்ல வாய் திறந்தாள். தலை குனிந்தாள். அந்தப் பொய்யை ஆறுதலாக ஏற்றுக்கொண்டாள். ஸல்ஹாவின் விரல்கள் அவளுடைய கையை மெல்லத் தட்டிக்கொடுத்தன.

வாசலில் கனகம்மா வந்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. கட்டில் பக்கம் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துக் கதைத்தாள்.

"கிடங்குக் கதவு திறந்து கிடந்தது, சிஸ்டர். சாத்தப் போனனான்."

"ம்."

"பிள்ளை கதவுக்குப் பின்னால கிடக்குது. விறைச்சுப் போச்சு. நகம் ஒண்டும் இல்லை, சிஸ்டர். விரல் நுனியெல்லாம்..."

கனகம்மா நிமிர்ந்தாள். கட்டிலைக் கண்டாள். ஓரடி பின்னால் போனாள்.

மரியமலர் திரும்பவில்லை. பிடித்திருந்த கை மெதுவாக இறுகியது. வலிக்கவில்லை. சில்லிடவுமில்லை. இப்போது அது மரியமலருடைய கையின் சூட்டிலேயே இருந்தது.

"இனி உட்டுட்டுப் போவ மாட்டீங்கதானே."

ஸல்ஹா சுவர்ப்பக்கம் ஒதுங்கினாள். ஓராள் படுக்க இடம் விட்டாள். விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"படுங்க மிஸி. கொஞ்ச நேரம்தானே."

பின்னால் கனகம்மா கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள். மரியமலர், தன் கைகள் கீழே போய்ச் சப்பாத்தின் முடிச்சை அவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.