தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

எங்க மாமாவுக்கு வாய் சும்மாவே இருக்காது. மாமான்னா அக்கா வீட்டுக்காரர், டிரைவிங் ஸ்கூல் நடத்துறார். நாள் பூரா பக்கத்து சீட்ல உட்கார்ந்து அடுத்தவங்களை அதட்டிட்டு வர்ற மனுஷனுக்கு, வீட்டுலயும் யாரையாவது சீண்டினாத்தான் சோறு இறங்கும். அதுக்குன்னே பொறந்த மாதிரி ஒரே பொண்ணு. நாங்க சில்வண்டுன்னுதான் கூப்பிடுவோம். வாயை மூடினாலும் மூக்கால 'ம்ம்ம்'னு ஏதாவது ரீங்காரம் போட்டுக்கிட்டே இருக்கும்.

"உன்னை நாங்க பெத்தோம்னா நினைச்சே? தவிட்டுக்கு வாங்கினோம்டி!"ன்னு ஆரம்பிப்பார். இதைச் சொல்லாத வீடு எது? என்னையும்தான் சொல்லி அழ வச்சிருக்காங்க. ஆனா சில்வண்டு ஒவ்வொரு தடவையும் நிஜமாவே நம்பி, முகம் செத்துப்போய், அக்கா மடியில ஒட்டிக்கும். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. மலை மேல இருக்கிற பழைய மடாலயத்தைப் பார்க்க, மாமா கார்ல கிளம்பினோம். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கல. எனக்கு அப்பத்தான் வயித்துல தங்கியிருந்தது. எத்தனையோ வருஷம் ஏங்கி, ஊர் வாய்க்கெல்லாம் பதில் சொல்லி அலுத்த பிறகு வந்த பிள்ளை. ஒவ்வொரு வளைவுலயும் வயித்தைப் புடிச்சுக்கிட்டேதான் போனேன்.

மேல போய் இறங்கினப்ப பகல்தான், ஆனா மேகம் இறங்கி வெளிச்சமே இல்ல. பாறை விளிம்புல கருங்கல் சுவர் நனைஞ்சு கறுத்து நின்னுது. துறவிங்க யாரும் இப்ப இல்லையாம். மழைக்கோட்டு போட்ட டிக்கெட்காரர் ஒருத்தர்தான். ஈரக்கல் வாசனையோட இன்னொரு வாசனையும் வந்துது. மாட்டுத் தொட்டியில தவிடு ஊறுமே, அந்த வாசனை.

வாசல் பக்கத்துச் சுவர்ல ஒரு ஓட்டை. அதுக்குள்ள ஆளுயரத்துக்கு ஒரு மரப்பெட்டி, ஒரு பக்கம் மட்டும் திறப்பு. கையால தள்ளினா சுத்தும். நம்ம பக்கம் வச்ச சாமான் உள்பக்கம் போயிடும்.

"உள்ள இருந்தவங்க வெளி ஆள் முகத்தைப் பார்க்கக் கூடாது"ன்னார் டிக்கெட்காரர். "பஞ்ச காலத்துல ஜனங்க இதுல பிள்ளையை வச்சு சுத்தி விடுவாங்க. உள்ளேருந்து தவிடு வரும். மிச்சப் பிள்ளைங்க கஞ்சி குடிக்கணுமே."

மாமா கையைத் தட்டிச் சிரிச்சார். "அடி சக்கை! கேட்டியா சில்வண்டு? உன்னை வாங்கின கடை இதுதான்!"

"வேணாம்ப்பா"ன்னு அது கத்தக் கத்த, தூக்கிப் பெட்டிக்குள்ள நிறுத்திட்டார். "போட்டோ எடுக்கணும், சிரி"ன்னார். அப்புறம் மரத்தைத் தட்டி, "சாமி! சரக்கைத் திருப்பி எடுத்துக்குங்க, தவிட்டைக் குடுங்க! எங்க மச்சினி வயித்துலயும் ஒண்ணு இருக்கு, அதுக்கும் கையோட அச்சாரம் போட்டுடுங்க!"

"மாமா! உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"ன்னு நான் கத்தினேன். அக்கா பெட்டியைப் பிடிக்க ஓடினா. அதுக்குள்ள அவர் தள்ளிட்டார்.

பெட்டி பாதி சுத்தி உள்பக்கம் போச்சு. மரத்துக்குப் பின்னால ரீங்காரம் கேட்டுது. பயந்தா அது அப்படித்தான் பண்ணும்.

மாமா கையை எடுத்துட்டார்.

பெட்டி நிக்கல.

மெதுவா, முனகிக்கிட்டே, மறுபடி எங்க பக்கம் திரும்புச்சு. உள்ள சில்வண்டு இல்ல. ஒரு குவியல் தவிடு. ஆவி பறந்துது.

"ஏய், விளையாடாத, வெளிய வா"ன்னார் மாமா. இன்னும் சிரிப்பு முகத்துலதான் இருந்தது.

டிக்கெட்காரர் சாவியோட ஓடினார். பின்பக்க அறையைத் திறந்தோம். தரை பூரா தூசி, ஒரு காலடி கூட இல்ல. பெட்டி இருக்க வேண்டிய இடத்துல வெறும் கருங்கல் சுவர். அதுக்குள்ளேருந்து ரீங்காரம் வந்துது.

அக்கா சுவரை நகத்தால பிறாண்ட ஆரம்பிச்சா.

மாமா வெளிய ஓடி வந்து பெட்டி மேல விழுந்தார். "இது வேணாம் எனக்கு! இதுக்கா என் பொண்ணு? எடுத்துக்கிட்டு அவளைக் குடுங்க!" தவிட்டோட பெட்டியைத் தள்ளினார்.

திரும்பி வந்தப்ப தவிடு ரெண்டு பங்கு இருந்தது.

"ஐயோ, எதுவும் பேசாதீங்க"ன்னு டிக்கெட்காரர் முணுமுணுத்தார். "பத்தலைங்கிறீங்கன்னு நினைச்சுக்கிறாங்க."

மாமா கேட்டாத்தானே! அழுதார், மண்டையை மரத்துல முட்டினார், வேணாம் வேணாம்னு மறுபடி மறுபடி தள்ளினார். ஒவ்வொரு தடவையும் தவிடு கூடுச்சு, ரீங்காரம் குறைஞ்சுது. கடைசியில பெட்டி வழிஞ்சு அவர் கால் வரைக்கும் கொட்டுச்சு.

ரீங்காரம் நின்னு போச்சு.

அப்பத்தான் பெட்டி தானா இன்னொரு சுத்து சுத்துச்சு. யாரும் தள்ளல.

காலியான பலகை நடுவுல, கவனமா கூட்டி வச்ச மாதிரி, ஒரு கைப்பிடி தவிடு.

எல்லாரும் என் வயித்தைப் பார்த்தாங்க.

போலீஸ் வந்து பெட்டியைப் பிரிச்சுப் போட்டாங்க, சுவரை இடிச்சாங்க. ஒண்ணும் கிடைக்கல. அக்கா இப்ப என் வீட்டுலதான் இருக்கா, நகமெல்லாம் இன்னும் சரியா வளரல. மாமா இப்ப வாயே திறக்கிறதில்ல. நாசமாப் போன மனுஷன், இந்தப் புத்தி அன்னிக்கு வந்திருக்கக் கூடாதா?

மலையிலேருந்து வந்த மறுநாளே என் வாசப்படியில ஒரு கைப்பிடி தவிடு. அய்யோன்னு அலறிக்கிட்டுப் பெருக்கித் தள்ளினேன். அதுக்கு அடுத்த நாள் ரெண்டு கைப்பிடி. தினமும் தள்ளுவேன், தினமும் கூடும். முறம் நிறைய வர ஆரம்பிச்சப்பத்தான் எனக்கு உறைச்சுது, நானும் மாமா செஞ்சதைத்தான் செய்யறேன்னு. தள்ளலேன்னா? அப்ப வாங்கிக்கிட்டதா ஆயிடுமே. எந்தப் பக்கம் போவேன்? அழுதுக்கிட்டே பெருக்கினேன்.

எனக்கு இப்ப மாசம் முடியப் போகுது. டாக்டரம்மா போன வாரம் பார்த்துட்டு, "பிள்ளை நல்லா உதைக்குது, கவலைப்படாதீங்க"ன்னாங்க.

இன்னிக்குக் காலையில கதவைத் திறந்தேன். வாசல் சுத்தமா இருந்தது. ஒரு பொட்டுத் தவிடு இல்ல. "விட்டுட்டாங்க அக்கா, விட்டுட்டாங்க!"ன்னு கத்திக்கிட்டு உள்ள ஓடினேன்.

அக்கா, பிள்ளைக்குன்னு வாங்கி வச்சிருந்த தொட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தா.

தொட்டில் நிறைய தவிடு. ஆவி பறந்துது.

விடிஞ்சதுலேருந்து வயித்துல அசைவு இல்லைங்கிறது அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துது.

அக்கா மெதுவா குனிஞ்சு என் வயித்துல காதை வச்சா. ரொம்ப நேரம் கேட்டா. அப்புறம், அந்த மலைக்குப் போய் வந்த பிறகு முதல் தடவையா, சிரிச்சா.

"உஷ்... சில்வண்டு பாடுது"ன்னா.