ஆறுதல் பெற்றுக்கொள்ளப்பட்டது

பதினோராவது மாடித் திருப்பத்தில் வேதவல்லி மூச்சு வாங்க நின்றபோது, வழக்கம்போல் தேற்றி அவளுக்காகக் காத்திருந்தது. புறா அளவில் ஒரு வெள்ளை உடம்பு, சத்தமே வராத நான்கு சிறகுகள், வயிற்றுக்குக் கீழே தொங்கும் சூடான டப்பா. தேற்றி என்பது அந்தப் பறக்கும் இயந்திரத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர். பெருங்கரைக் குடியிருப்பில் எல்லோரும் அதைப் பொட்டலக் குருவி என்றுதான் சொன்னார்கள்.

“வணக்கம் வேதவல்லி அம்மா. இன்று உங்களுக்கு வேலை அதிகம். மிளகு தூக்கலாகப் போட்ட சுண்டல் கொண்டுவந்திருக்கிறேன், இன்னும் சூடு ஆறவில்லை,” என்றது தேற்றி. சொந்தக்காரர்கள்கூட அவளிடம் அவ்வளவு பதமாகப் பேசியதில்லை.

“வேண்டாம்,” என்றாள்.

அதை ஒரு விதமாகச் சொல்ல வேண்டும். குரல் தழைந்தால் தயக்கம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த மாடியிலும் வந்து நிற்கும். கத்தினால் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறீர்கள் என்று தண்ணீர் நீட்டும். ஏற்றமோ இறக்கமோ இல்லாமல், கதவைச் சாத்துவதுபோல் சொல்ல வேண்டும். வேதவல்லிக்கு அது கைவந்துவிட்டது. தேற்றி நன்றி சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகப் பறந்துபோனது. அவள் மிச்சமிருந்த ஆறு மாடிகளையும் ஏறினாள்.

கடல் ஊருக்குள் வந்த பிறகு, கரையோரத்தில் இருந்தவர்களுக்காகக் கட்டிய கோபுரங்கள் அவை. போன வருடத்து மழையில் அவர்கள் கோபுரத்தின் லிஃப்ட் நின்றுபோனது. பதினேழாவது மாடியில் அவள் புருஷன் மாசிலாமணி இருந்தான். முப்பது வருடம் ஆட்டோ ஓட்டியவன். சர்க்கரை நோயில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். லிஃப்ட் நின்ற நாளிலிருந்து அவன் தரையை மிதிக்கவில்லை.

வேதவல்லி புகார் கொடுத்தாள். புகார் என்ற சொல்லே இப்போது வழக்கில் இல்லை, ‘குறை’ என்றுதான் பதிய வேண்டும். மனநிறைவுச் சட்டம் வந்த பிறகு குறைகளையெல்லாம் ஆறுதல் துறைதான் பார்த்தது. குறை பதிந்த மறுநாளிலிருந்து தேற்றி வரும். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று அதற்குத் தெரியும். குழாயில் தண்ணீர் வராத வீட்டுக்குக் குளிர்ந்த நன்னாரி சர்பத் வந்தது. பேருந்து நின்றுபோன தெருவுக்குக் கால் பிடித்துவிடும் செருப்பு வந்தது. டப்பாவைத் திறந்தால் போதும், குறை தீர்ந்ததாகக் கணக்கு. மூன்று மாதம் தொடர்ந்து வேண்டாம் என்று சொன்னால் மட்டும் அந்தக் குறை செய்பணிப் பிரிவுக்குப் போகும். அங்கேதான் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த மனிதர்கள் இருப்பதாகச் சொன்னார்கள். பெருங்கரையில் யாரும் அவர்களைப் பார்த்ததில்லை.

அவர்கள் கோபுரத்தில் எல்லா வீடுகளும் லிஃப்டுக்காகக் குறை பதிந்தன. எல்லா வீடுகளும் ஒன்றிரண்டு வாரத்தில் டப்பாவைத் திறந்துவிட்டன. வேதவல்லி மட்டும் விடவில்லை. ஆனாலும் இரண்டு தடவை மூன்று மாதம் நிறையப் போகும் சமயத்தில் குறை தீர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. முதல் தடவை, தேற்றி நீட்டிய ஈரத்துண்டில் களைப்பில் முகத்தைத் துடைத்துவிட்டோமோ என்று தன்னையே நொந்துகொண்டு அழுதாள். இரண்டாவது தடவை என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்கு நினைவே வரவில்லை. மறுபடி பதிந்தாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

இன்றைக்குக் கதவைத் திறக்கும்போதே கைப்பேசி அதிர்ந்தது. ‘உங்கள் குறை நிறைவடைந்தது. ஆறுதல் பெற்றுக்கொள்ளப்பட்டது.’

இந்தத் தடவை அவள் எதையும் தொடவில்லை. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். மாசிலாமணியிடம் ஒன்றும் சொல்லாமல் சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, மறுநாள் வேலைக்கு லீவு சொல்லி நேராக ஆறுதல் துறை அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே இளவழுதி என்ற ஓர் அலுவலர் மட்டும் இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அறையில் ஏசி ஓடவில்லை. மேசைமேல் அவருக்கு வந்த டப்பா ஒன்று திறந்து கிடந்தது, உள்ளே ஐஸ் மோர். அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார்.

“நீங்க வாங்கலம்மா. உங்க வீட்டுக்காரர் டீ வாங்கியிருக்கார். மூணு தடவையும் அவர்தான். சட்டப்படி குடும்பம் ஒரு மனம். யார் வாங்கினாலும் ஒண்ணுதான்.”

வேதவல்லிக்கு அந்த வாக்கியம் உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அது இறங்கியதும் முதலில் வந்த கோபம் புருஷன்மேல் அல்ல, எதிரே உட்கார்ந்திருந்தவர்மேல்தான்.

“அவர் டீ குடிச்சா லிஃப்ட் ஓடிடுமா சார்?”

“குறைன்னா என்னம்மா? மனசுல இருக்கிற கஷ்டம். அது போயிட்டா குறையும் போச்சு. சட்டம் அப்படித்தான் சொல்லுது.”

“லிஃப்ட் என் மனசுலயா சார் இருக்கு?”

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இங்கே ஏசி நின்று இரண்டு வருடமாகிறது, தானும் குறை பதிந்திருக்கிறேன் என்று மட்டும் முணுமுணுத்தார். மோர் டப்பாவை அவள் பார்த்துக்கொண்டே இருந்ததால் அதை மெதுவாக மூடி ஓரமாக நகர்த்தினார். அந்த மேசையைக் கவிழ்த்துப் போட வேண்டும்போல் இருந்தது வேதவல்லிக்கு. கவிழ்த்தாலும் வாசலில் ஒரு தேற்றி பன்னீர் சோடாவோடு நிற்கும் என்று தெரிந்ததால் எழுந்து வெளியே வந்தாள்.

பதினேழு மாடியும் ஏறி வந்தபோது மாசிலாமணி பால்கனியில் சக்கர நாற்காலியில் இருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

“மூணு தடவையா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“மொத தடவை, அந்தத் துண்டுல மூஞ்சத் தொடச்சதாலதான் எல்லாம் போச்சுன்னு உக்காந்து அழுதனே. பக்கத்துலதானே இருந்த?”

“இருந்தேன்.”

“சொல்லணும்னு தோணலையாயா உனக்கு?”

“தோணுச்சு.” அவன் கம்பிக்கு வெளியே பார்த்தான். “சொல்லிட்டா அப்புறம் குடிக்க முடியாதே.”

அவள் கையில் இருந்த பையைச் சுவரில் வீசி எறிந்தாள். சாப்பாட்டு டப்பா திறந்து சோறு சிதறியது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் எதையும் எறிந்ததில்லை. மாசிலாமணி அவளைத் தடுக்கவில்லை. பிறகு, கேட்காமலேயே சொன்னான். ஆரம்பத்தில் குருவி வெறும் டீதான் கொண்டுவந்ததாம். தினமும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். நாள் நெருங்க நெருங்க அதன் சாமர்த்தியம் கூடியது. கோபுரத்துக்குக் கீழே காஜா பாய் கடை இருக்கிறதே, அந்தக் கடை டீயையே அதே கண்ணாடி கிளாஸில் கொண்டுவந்தது. சர்க்கரை இல்லாமல், இஞ்சி தட்டிப் போட்டு. அதோடு கடையின் சத்தத்தையும் கொண்டுவந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் பேசுகிற பழைய ஆட்டோக்காரர்களின் குரல்கள், பாய் கிளாஸ் கழுவுகிற சத்தம், யாரோ அவனை ‘இன்னா மணி, எப்பிடி இருக்க’ என்று கேட்பது. டப்பாவைத் திறந்தால் அவனும் அவர்களோடு பேசலாம், டீ தீரும் வரைக்கும்.

“நீ காலைல போனா சாயந்தரம்தான் வர்ற. லிஃப்ட் வரும்னு நீ நம்புற. எனக்கு நம்பிக்கை இல்ல வேதா. டீ வர்றது கண்ணுக்குத் தெரியுது.”

வேதவல்லி சிதறிய சோற்றைக் கூட்டி அள்ளினாள். அள்ளும்போதுதான் அவளுக்கு உறைத்தது. லிஃப்ட் ஓடினால் அவன் தானே கீழே போய் அந்த டீயைக் குடிப்பான். அவனிடமிருந்து பிடுங்கிய பெஞ்சையே கிள்ளி எடுத்து, கிளாஸில் ஊற்றி, அவனுக்கே ஆறுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு அவனை நன்றியும் சொல்ல வைத்திருக்கிறார்கள். அவனைத் திட்ட வந்த வார்த்தைகளை எல்லாம் விழுங்கினாள்.

மறுநாள் காலை அவனே பேசினான். “என்னைக் கீழே இறக்கிடு.”

“எதுக்கு?”

“மேல தனியா இருந்தா மறுபடியும் குடிச்சிடுவேன். கீழே இருந்தா பாய் கடை பக்கத்துலயே இருக்கு. குருவிகிட்ட எனக்கு என்ன வேல?”

பதினாறாவது மாடியில் இருந்த அண்ணன் தம்பி இருவரையும் கூட்டி வந்தாள். அவர்கள் வீட்டுக்கும் டப்பா வந்திருந்தது, அவர்களும் திறந்தவர்கள்தான். அதனாலோ என்னவோ மறுபேச்சு பேசாமல் வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் மாசிலாமணியைத் துண்டால் கட்டி, மாடி மாடியாக இறக்கினார்கள். வழியில் மூன்று தேற்றிகள் வந்து, சிரமப்படுகிறீர்களே, குளிர்ந்த இளநீர் வேண்டுமா என்று கேட்டன. பெரியவன் பல்லைக் கடித்துக்கொண்டு, வேண்டாம் என்றான்.

கீழே லிஃப்ட் கதவுக்கு நேர் எதிரே ஒரு கட்டில் போட்டார்கள். வேதவல்லி குறையை மறுபடி பதிந்தாள். கட்டில் மூன்று மாதத்துக்கும் அங்கேயே கிடந்தது. காவலாளி அறைக் கழிப்பறையை அவன் பயன்படுத்திக்கொண்டான். அவள் வேலை முடிந்து வந்து அங்கேயே சமைத்து, அங்கேயே பாய் விரித்துப் படுத்தாள். மாசிலாமணிக்கு உற்சாகம் வந்துவிட்டது. மின்விசிறியோடு வந்த தேற்றியிடம் உங்க அமைச்சர் சௌக்கியமா என்று விசாரிப்பான். போர்வையோடு வந்ததிடம், எங்கேயிருந்து வர்றே, மீட்டர் போட்டு வந்தியா என்பான். பெஞ்சு ஆட்கள் சிரிப்பார்கள். வேதவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளிடம்தான் தேற்றிகள் கூட்டமாக வந்தன. முழங்காலுக்கு எண்ணெய், தலைக்குப் பூ, தலையணை, சூடான ரவை உப்புமா. அவளுக்கு வேண்டியது ஒவ்வொன்றும் அவற்றுக்குத் தெரிந்திருந்தது. யாராவது பின்னாலிருந்து அன்பாகக் கூப்பிட்டாலே திரும்பிப் பார்க்காமல் நடையை வேகமாக்கும் நிலைக்கு வந்துவிட்டாள். அவள் தொட்டி கழுவும் வேலைக்குப் போகும் இடத்தில் அவளோடு வேலை செய்கிறவள் ஒரு முறுக்கை நீட்டியபோது, என்ன ஏது என்று பார்ப்பதற்கு முன்பே தலை தானாக மறுத்து ஆடியது. அந்தப் பெண் முகம் சுண்டிப் போனாள்.

மாடிக்காரர்கள் சிலர் எரிச்சலும் பட்டார்கள். இவள் ஒருத்தியால் வழியெல்லாம் கட்டிலும் அடுப்புமாகக் கிடக்கிறது என்றார்கள். வேதவல்லி கேட்டபடியே சமைத்தாள். கோபத்தை அவர்களிடம் செலவழித்தால் வேண்டிய இடத்துக்கு மிச்சம் இருக்காது.

கடைசியில் செய்பணிப் பிரிவு வந்தே விட்டது. காக்கிச் சட்டை போட்ட ரெஜினா என்ற பெண், தோளில் ஒரு கருவிப் பையோடு வந்தாள். அரசாங்கத்தில் சம்பளம் வாங்கி, கையில் கிரீஸோடு இருந்த ஒருத்தியைப் பார்க்கக் கோபுரமே கீழே இறங்கியது. மாவட்டத்துக்கே தாங்கள் நாலு பேர்தான் என்றாள் அவள். கதவைப் பிளந்து திறந்து, உள்ளே தலையை விட்டாள். டீ நேரத்துக்கு முன்பே வெளியே வந்து கையைத் துடைத்தாள்.

“ஒரு ரிலே, சின்ன சுவிட்ச் மாதிரி, எரிஞ்சிருக்கு. மாத்திட்டேன். ஓடும்.”

“அவ்ளோதானா?” என்றாள் வேதவல்லி.

“அவ்ளோதான்.”

“போன மழையிலயே வந்திருந்தா?”

ரெஜினா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. “அப்பவும் இதே நேரந்தான்க்கா ஆகியிருக்கும்.”

லிஃப்ட் விளக்கு எரிந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். வேதவல்லி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருடத்துக்கு மேல் அவள் ஏறிய ஏற்றம், புருஷன் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கழித்த பகல்கள், அவன் மறைத்த உண்மை, அவள் எறிந்த சோறு, எல்லாம் விரல் நீளத்துக் கருகிய துண்டு ஒன்றுக்காக. அதை அவள் ரெஜினாவிடம் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பிறகு நேராகப் போய் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது. அறைய ஒரு கன்னமும் அங்கே இல்லை.

அதன்பிறகு மாசிலாமணி பகலில் வீட்டில் தங்கவே இல்லை. காலையில் தானே நாற்காலியை உருட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்குவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தை வரைக்கும் போயிருக்கிறான். வேதவல்லி துணி மடித்துக்கொண்டிருந்தபோது திரும்பி வந்தான். முகமெல்லாம் வேர்வை, கண்ணில் ஒரு குறும்பு. பின்னால் மறைத்து வைத்திருந்த காகிதப் பொட்டலத்தை அவள் மடியருகே நீட்டினான். அவளுக்குப் பிடிக்கும் என்று சந்தை முழுக்கத் தேடிக் கண்டுபிடித்த கொடுக்காப்புளி.

“வேண்டாம்,” என்றாள்.

ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கதவைச் சாத்துவதுபோல் வந்தது. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

மாசிலாமணியின் கை நீட்டியபடியே நின்றது. குறும்பு மெல்ல அணைந்தது. குரலைத் தாழ்த்தி, வழி தெரியாமல் நிற்கும் ஒருவரிடம் பேசுவதுபோல் பேசினான்.

“நான்தான் வேதா. கவர்மெண்ட் இல்ல.”

அவள் கையைத் தூக்கப் பார்த்தாள். கை மடியில் கிடந்த துணியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் விரல்களை ஒவ்வொன்றாக அவளே பிரிக்க வேண்டியிருந்தது.