முகம் மாறிய சிங்கம்

"சட்டையத் தூக்குங்க."

கலைவாணன் திடுக்கிட்டான். மழைக்கு ஒதுங்கியவனிடம் பேசுகிற பேச்சா இது!

"இல்லீங்க... நான் சும்மா மழைக்கு..."

"இடுப்பப் புடிச்சிக்கிட்டு வர்றீங்க. அக்கிதானே? உழவர்கரையில அக்கிக்கு எழுதுற வீடு இதான். அப்பாவுக்குக் கை நடுங்குது, இப்ப நான்தான் எழுதுறேன்."

அவள் கவிநிலா. மண்பானை செய்யும் கலியமூர்த்தியின் மகள். அந்தக் கண்கள் இருக்கின்றனவே... அடேயப்பா! அவன் மறுபேச்சின்றிச் சட்டையைத் தூக்கினான்.

கொப்புளங்கள் இடுப்பைச் சுற்றி வளைத்திருந்தன. இரண்டு முனைகளும் சேர நாலு விரற்கடைதான் பாக்கி. சேர்ந்துவிட்டால் உயிர் தங்காது என்பார்கள்.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"மாத்திரை போடுறேன். எரிச்சல்தான் தாங்கல."

"எரியாம? அக்கினிதான் வாயில தேஞ்சு அக்கி ஆச்சாம்."

"தெரியும். அகராதி ஆபீஸ்லதான் வேல. அக்கின்னா நெருப்புன்னு நாங்களும்..."

"உஷ்! பேரச் சொல்லாதீங்க... கேட்டுக்கிட்டிருக்கும்."

"நீங்க மட்டும் சொல்லலாமா?"

"நான் எழுதுறவ. எனக்கு அது பயப்படும்!"

அவன் சிரித்தான். அவள் காவிமண்ணைக் குழைத்து, கோழியிறகால் கொப்புளங்களைச் சுற்றி எழுதத் தொடங்கினாள். இறகு நெருங்க நெருங்க, கொப்புளங்கள் மெல்ல நகர்வது போலிருந்தது... கடைசியாக, மிச்சமிருந்த இடைவெளியில் ஒரு சிங்கம். அப்போது அவன் திரும்பிப் பார்த்தான். அவளும் பார்த்தாள். கை தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனது.

மூன்று நாள் எழுத வேண்டும். மறுநாள் அவன் வரவில்லை.

மாலையில்தான் அவளுக்கு உறைத்தது. ஐயோ! சிங்கம், படர்ந்து வரும் கொப்புள முனையை, அந்த நெருப்பை, எதிர்த்துப் பார்க்க வேண்டும். அவள் எழுதியதோ, நெருப்புக்கு வழிகாட்டிக்கொண்டு முன்னால் ஓடுகிற சிங்கம்!

"எழுதுறவ நோயாளியத் தேடிப் போவக் கூடாது. போனீன்னா அப்புறம் இறகத் தொடாத," என்றார் அப்பா.

"சரி, இனிமே தொடலப்பா!"

அகராதி ஆபீஸில் விசாரித்து, ஷேர் ஆட்டோ பிடித்து, வீராம்பட்டினத்தில் அவன் கதவைத் தட்டினாள். காய்ச்சலில் கண் சிவந்து நின்றான்.

"தப்பா எழுதிட்டேங்க... காட்டுங்க!"

காட்டினான். சிங்கம் நெருப்பைப் பார்த்து நின்றது. அவள் மூடியபடி எழுதிய வாய் இப்போது திறந்திருந்தது. அதன் எதிரே கொப்புளங்கள் வாடிக் கிடந்தன.

"யாரு... திருப்பி எழுதினது?"

"யாரும் தொடல. குளிக்கக்கூட இல்ல. விடியக்காலைல என்னமோ அசைஞ்ச மாதிரி..."

அவன் சட்டையை இறக்கிவிட்டான்.

"அப்ப நாளைக்கு வந்தா எழுதுவீங்கதானே?"

"மாட்டேன். தேடி வந்துட்டேன்ல... இனிமே யாருக்கும் எழுத முடியாது."

"அய்யய்யோ! தெரிஞ்சுமா வந்தீங்க?"

அவளுக்கு அழுகை முட்டியது.

"அன்னிக்கு இறகப் பாக்காம உங்களயே பாத்துக்கிட்டிருந்தேன்... உங்கள எனக்கு அவ்ளோ புடிச்சிருக்கு, போதுமா?"